நியூட்ரலில் போட்டு இழுக்கச் சொன்னவன்

1

இந்தக் கதை எனக்குப் பேருந்தில் கிடைத்தது. சேலத்திலிருந்து தருமபுரிக்கு வந்துகொண்டிருந்தேன். தொப்பூர் கணவாயில் வழக்கம்போல ஏதோ ஒரு லாரி ஏதோ ஒன்றின்மேல் சாய்ந்துகொண்டிருந்தது. அரை மணி நேரமாக ஒருவரும் நகரவில்லை. அப்போது எங்கள் பேருந்தை ஒட்டி, ஓரமாக, ஒரு டிராக்டர் கடந்து போனது. டிராக்டருக்குப் பின்னால் கயிறு. கயிற்றுக்குப் பின்னால் ஒரு கார்.

கார் என்றால் போதாது. இரண்டு கட்டிலைச் சேர்த்துப் போட்ட நீளம், வானத்து நீலம், முகப்பில் வரிசையாகப் பளபளக்கும் பல். ஸ்டியரிங்கைப் பிடித்தபடி ஓர் அம்மாள் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார், தேரில் வரும் உற்சவர் போல. இறங்கி நின்ற லாரிக்காரர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள்.

என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர், மடியில் ஸ்பேனர் பையை வைத்திருந்தவர், ஜன்னல் வழியாகத் தலையை நீட்டிப் பார்த்துவிட்டு, “அய்யய்யோ, இது கிளட்ச் இல்லாத வண்டியாட்டம் இருக்குதுங்களே. இப்பிடி இழுத்தா கியர்பாக்ஸ் போச்சு!” என்றார்.

அவ்வளவுதான் நான் பார்த்ததும் கேட்டதும். இனி நீங்கள் படிக்கப்போவதெல்லாம் பொய். ஆனால் கண்ணுகளா, பொறுப்பாகச் சொல்லப்போகிற பொய்.

2

எப்படித் தொடங்குவது?

“மாதவராஜின் கைகளில் எப்போதும் எண்ணெய் வாசனை வீசும்—”

அடித்துவிட்டேன். மெக்கானிக்கின் கையில் எண்ணெய் வாசனை வீசாமல் மல்லிகை வாசனையா வீசும்?

“அறுபது ஆண்டுகளுக்கு முன் கப்பலேறி வந்த அந்தக் கார், முதலில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரி டாக்டருக்கும், பிறகு அந்த டாக்டரின் டிரைவருக்கும், அதன் பிறகு டிரைவரின் மகளுக்கும்—”

இதையும் நிறுத்தினேன். ஜாதகம் மாதிரி இருக்கிறது. ஆனால் தகவல் வீணாகப் போக வேண்டாம், மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: டிரைவரின் மகள் பெயர் லூர்துமேரி. வயது அறுபத்தொன்று. ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருந்து கொடுத்து ஓய்வு பெற்றவர். ஊர் அதியமான்கோட்டை. காரின் பெயரை மட்டும் சொல்லமாட்டேன். அந்தக் காரை வைத்திருப்பவர்கள் இந்தப் பக்கத்தில் ஒருவரோ இருவரோதான். போன் போட்டுச் சண்டைக்கு வருவார்கள்.

மூன்றாவது தடவை எழுதியபோது ஒரு போன் அடித்தது. கதையில்தான்.

3

போன் அடித்தபோது மாதவராஜ் ஒரு டிப்பர் லாரியின் வயிற்றுக்கு அடியில் மல்லாந்து கிடந்தான். நாற்பத்தொன்பது வயது. அதியமான்கோட்டையில், நெடுஞ்சாலை ஓரத்தில், தகரக் கொட்டகை போட்டு இருபத்திரண்டு வருடமாக லாரி கியர்பாக்ஸ் மட்டும் பார்க்கிறவன். கணவாய்க்கு இந்தப் பக்கம் கியர் விழவில்லையென்றால் எல்லா டிரைவரும் சொல்வது ஒரே பெயர். போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டான்.

“மாதவா, வண்டி நின்னுபோச்சுப்பா. ஏதோ பெல்ட்டு அறுந்து தொங்குது. புகையா வந்துச்சு, ஆஃப் பண்ணிட்டேன்.”

“எங்கக்கா இருக்கறீங்க?”

“தொப்பூர் மேட்டுல. நம்ம பக்கத்து வூட்டுக் குப்புராஜ் இல்ல? மச்சான் காட்டுல உழுதுட்டு டிராக்டரோட திரும்பி வந்தான். இழுத்துட்டு வரட்டுமான்னு கேக்கறான். உன்னைய ஒரு வார்த்தை கேட்டுக்கலாம்னு…”

“நியூட்ரல்ல போட்டு இழுத்துட்டு வரச் சொல்லுங்கக்கா. ஒண்ணும் ஆவாது.”

வைத்துவிட்டான். மேலே ஒரு போல்ட் அவன் மூக்கின்மேல் விழப் பார்த்துக்கொண்டிருந்தது.

(“ஏன், ஒரு பெல்ட்டை வாங்கிக்கொண்டு பைக்கில் போயிருந்தால் இருபது நிமிடத்தில் மாட்டியிருக்கலாமே?” என்று கேட்கிறீர்கள். அவனும் பிறகு தன்னையே அப்படித்தான் கேட்டுக்கொண்டான். பல தடவை.)

லாரியாக இருந்திருந்தால் அவன் யோசிக்காமலே வேறு மாதிரி சொல்லியிருப்பான்: “ஜாயின்ட்டக் கழட்டிட்டு இழு.” கியர்பாக்ஸிலிருந்து பின் சக்கரத்துக்குப் போகும் தண்டைக் கழற்றிவிட்டுத்தான் கயிறு கட்ட வேண்டும், இந்தச் சாலையில் கிளீனராக ஏறிய முதல் வாரத்திலேயே கற்றுக்கொள்கிற பாடம். ஆனால் இது கார். கல்யாண வீட்டுக்குப் போகிற சாமான். காருக்கு ஜாயின்ட்டைக் கழற்று என்று எவனாவது சொல்வானா?

* படிக்கிறவர்களுக்கு ஒரு குறிப்பு. கிளட்ச் இல்லாத கியர்பாக்ஸுக்கு உள்ளே ஒரு பம்ப் இருக்கிறது. எஞ்சின் ஓடினால்தான் அது சுற்றும். அது சுற்றினால்தான் உள்ளே எல்லா இடத்துக்கும் எண்ணெய் ஏறும். எஞ்சினை நிறுத்திவிட்டு வண்டியை இழுத்தால் சக்கரம் உருளும், சக்கரத்தோடு சேர்ந்து கியர்பாக்ஸின் குடலும் சுற்றும், எண்ணெய் மட்டும் ஏறாது. இரும்போடு இரும்பு வறட்டுத் தேய்ப்பு. பதினேழு கிலோமீட்டர். இந்தக் காரை விடவும் பழைய சில மாடல்களில் பின்னாலும் ஒரு பம்ப் உண்டாம், அது காப்பாற்றியிருக்குமாம். இதில் இல்லை. இதையெல்லாம் நானும் கேட்டுத்தான் தெரிந்துகொண்டேன். சமையல் குறிப்பைக் கேட்கிற மாதிரி திரும்பத் திரும்பக் கேட்டேன், சொன்னவர் ரொம்பப் பொறுமைசாலி.

அன்று பிற்பகல் கார் கொட்டகைக்கு வந்து சேர்ந்தது. மாதவராஜ் பெல்ட்டை மாட்டினான். எஞ்சின் உடனே பிடித்துக்கொண்டது. லூர்துமேரி ஸ்டியரிங் பக்கத்துக் கம்பியை ‘டி’ என்ற எழுத்துக்கு இழுத்தார். எஞ்சின் உறுமியது. கார் நின்ற இடத்திலேயே நின்றது.

“டி-யிலதான் போட்டிருக்கேன் மாதவா. நகர மாட்டேங்குது.”

தெருவில் போன ஆடு ஒன்றுகூட விலகவில்லை.

4

இங்கே ஒரு பாவத்தை ஒப்புக்கொள்ள வேண்டும்.

என் முதல் பிரதியில் லூர்துமேரி நன்றாக நடந்தார். அதைப் படித்துக் காட்டியபோது கேட்டவர்கள் எல்லோரும் ஒரே குரலில், “வேற கார் வாங்கிக்கிட்டாப் போவுது! இதுக்கு ஒரு கதையா?” என்றார்கள். ஒருத்தி கொட்டாவியே விட்டாள். அதனால் இரண்டாம் பிரதியில் லூர்துமேரிக்கு மூன்று வயதில் இளம்பிள்ளைவாதம் வரவழைத்தேன். இடது காலில் இடுப்புவரை இரும்புச் சட்டம் மாட்டினேன். அந்தக் கால் மடங்காது, கிளட்ச் மிதிக்காது. டாக்டர் ஊரைவிட்டுப் போகும்போது காரை விற்றார். கிளட்ச் இல்லை என்ற ஒரே காரணத்துக்காக டிரைவர் அதை வாங்கித் தன் மகளுக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்தார்.

ஒரு கதைக்காக ஒருத்தியின் காலை எடுப்பது நல்ல வேலையா என்று எனக்கே உறுத்தியது. லூர்துமேரி அதைப் பெரிதாக எடுத்துக்கொண்ட மாதிரி தெரியவில்லை. மூன்றாம் பிரதிக்குள் வரும்போதே, “பரிதாபப்படற மாதிரி மட்டும் எழுதிப்புடாதீங்க” என்றுதான் வந்தார்.

“இப்போதுதான் கிளட்ச் இல்லாத கார் தெருவுக்கு நாலு ஓடுகிறதே” என்று நீங்கள் அடுத்த கல்லை எறிவது தெரிகிறது. அதற்கு அவரே பதில் சொல்லட்டும். மாதவராஜிடம் சொன்னது இது:

“புதுக் கார்ல எல்லாம் ஒக்காந்து பாத்துட்டேம்ப்பா. நடுவுல ஒரு மேடு வெச்சிருக்கறான், அதுல டம்ளர் வெக்கக் குழி, போன் வெக்கக் குழி. என் காலை எங்க வெக்கறது? இதுல பாரு, முன் சீட்டு பெஞ்சாட்டம் ஒரே நீளம். கம்பியும் ஸ்டியரிங்குலயே இருக்குது. கால அப்பிடியே குறுக்க நீட்டிக்குவேன். டம்ளருக்கு எடம் வேணும்னா நான் டீக்கடைக்குப் போறேன்.”

முப்பத்தாறு வருடமாக, எவர் கையையும் எதிர்பார்க்காமல், பாலக்கோட்டுச் சந்தைக்கும் தருமபுரி தேவாலயத்துக்கும் சேலத்துக்கும் தானே போய் வந்தவர். இப்போது ஷேர் ஆட்டோவில் ஏறும்போது இரண்டு பேர் கக்கத்தில் கை கொடுத்துத் தூக்குகிறார்கள். தூக்கும்போது அவர் சாலையின் மறுபக்கத்தைப் பார்த்துக்கொள்கிறார்.

5

இந்தப் பகுதியில் கியர்பாக்ஸைத் திறக்கிறோம். எண்ணெய் தெறிக்கும், தள்ளி உட்காருங்கள்.

செயின் பிளாக்கில் தொங்கவிட்டு இறக்கி, மேசைமேல் கவிழ்த்து, அடித்தட்டைக் கழற்றினான் மாதவராஜ். அந்த எண்ணெய் நன்றாக இருந்தால் தக்காளி ரசம்போலச் சிவப்பாக இருக்குமாம். இது கருத்திருந்தது, அடியில் ஜிகினாத் தூள்போல இரும்பு மின்னியது. வெல்லப்பாகு அடிப்பிடித்த நாற்றம்.

வாழ்க்கையில் ஆட்டோமேட்டிக் பெட்டியைத் திறந்தது அவனுக்கு அதுவே முதல் தடவை. அதற்கென்றே கடை வைத்திருக்கிற பெங்களூருச் சிவக்குமாருக்கு வீடியோவில் போன் போட்டான். போனைப் பிடித்துக்கொண்டு நின்றவள் அவன் மனைவி வெண்மதி. எதிரே சாலையோரத்தில் தையல் கடை வைத்திருப்பவள். கை நடுங்காது, வாய் சும்மா இருக்காது.

“ஏனு குரு இது! பூரா சுட்டுப் போயிருக்குது,” என்றது போன், பாதி கன்னடமாக. “எஞ்சின் ஆஃப்ல வெச்சு யாராச்சும் இழுத்தாங்களா?”

“டிராக்டர்ல இழுத்தாங்க சார்.”

“ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட், அதான் ஜாயின்ட்டு, கழட்டாம?”

“…கழட்டாம.”

“இழுத்தவன் பாவம், அவனுக்கு என்ன தெரியும். இழுக்கலாம்னு சொன்ன புத்திசாலி யாரு? அவனைத்தான் பாக்கணும் நானு.”

வெண்மதி போனைக் கொஞ்சம் தாழ்த்திக் கணவன் முகத்தைப் பார்த்தாள்.

“யாருங்க அந்தப் புத்திசாலி?”

“போனை நேராப் புடி.”

“நேராத்தான் புடிச்சிருக்கறேன். உங்க மூஞ்சிதான் கோணுது.”

“கொஞ்சம் மெதுவா இழுத்திருந்தா தப்பிச்சிருக்குமா சார்?” என்று மாதவராஜ் கேட்டான். கேட்ட குரலில் ஒரு கெஞ்சல் இருந்தது.

“அரைக் கிலோமீட்டர்னா மெதுவா இழுக்கலாம். இந்த தூரத்துக்கு மெதுவாப் போனாலும் வேகமாப் போனாலும் ஒண்ணுதான் குரு. அடுப்புல வெச்சாச்சு, சின்னத் தீயா இருந்தா என்ன, பெரிய தீயா இருந்தா என்ன?”

6

அந்த வாரம் லூர்துமேரி கொட்டகைக்கு வந்தார். இரும்பு நாற்காலியில் உட்கார்ந்து, சட்டத்தின் பூட்டைத் தட்டிக் காலை நீட்டிக்கொண்டார். மேசைமேல் பரப்பியிருந்த துண்டு துண்டான கியர்பாக்ஸை, பிரேதப் பரிசோதனைக்கு வந்த சொந்தக்காரர்போலப் பார்த்தார்.

“எல்லாம் அந்தக் குப்புராஜ் பையன் பண்ணின வேலை,” என்றார். அந்தப் பையனுக்கு நாற்பத்திரண்டு வயது. “அவன் மூணு புள்ளைங்களுக்கும் நான்தான் மருந்து குடுத்தேன். காலையில பால் குடுக்க, வாரத்துக்கு ஒருக்காத் தண்ணி மோட்டாரு போட, கேஸ் சிலிண்டரு தூக்கிவெக்க, எல்லாத்துக்கும் ‘மேரியக்கா மேரியக்கா’ன்னு வந்து நிப்பான். என் தம்பியாட்டந்தான் வெச்சிருந்தேன். ரோட்டுல டிராக்டரை என்னமோ எருதாட்டத்துல விட்டமாதிரி ஓட்டினாம்ப்பா. கேட்டைச் சாத்திட்டேன். இனி அவன் மூஞ்சியில முழிக்க மாட்டேன்.”

மாதவராஜ் கையைத் துணியில் துடைத்தான். துடைத்த கையை மறுபடி துடைத்தான்.

“அக்கா, அன்னிக்கு போன்ல நான்…”

“நீ சரியாத்தான் சொன்ன மாதவா. ‘மெதுவா இழுத்துட்டு வரச் சொல்லுங்க’ன்னு சொன்ன. நான் அவங்கிட்டயும் சொன்னேன். கேக்கோணுமே!”

மாதவராஜ் வாயைத் திறந்தான். வெண்மதி தையல் கடையிலிருந்து கழுத்தை நீட்டிப் பார்த்தாள். மாதவராஜ் வாயை மூடினான்.

‘மெதுவா’ என்ற சொல்லை அவன் சொல்லவே இல்லை. மூன்றாம் பகுதிக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளுங்கள், நான் காத்திருக்கிறேன்.

பார்த்தீர்களா? அது அவர் சேர்த்தது. இருபத்திரண்டு வருடம் பழகிய மெக்கானிக் தப்பாகச் சொல்லியிருக்க மாட்டான் என்ற நம்பிக்கை சேர்த்தது. நம்மை நல்லவன் என்று நினைக்கிறவர்கள் நமக்கு இப்படித்தான் ஒவ்வொரு சொல்லாகக் கடன் கொடுத்துக்கொண்டே இருக்கிறார்கள்.

* குப்புராஜைப் பற்றி: அவன் ஒவ்வொரு வியாழக்கிழமையும், பாலக்கோட்டு மண்டிக்குத் தக்காளி ஏற்றும் நாளில், ஒரு கூடை நல்ல பழமாகப் பொறுக்கி லூர்துமேரியின் கேட்டுக்கு வெளியே வைத்துவிட்டுப் போகிறான். அவர் எடுப்பதில்லை. தெருமாடு தின்கிறது. மூன்று வாரத்தில் அந்த மாட்டுக்கு ஒரு மினுமினுப்பு வந்துவிட்டது.

7

இந்த இடத்தில் எனக்கு ஒரு கெட்ட ஆசை வந்தது. மூன்றாம் பகுதிக்குத் திரும்பிப் போய், மாதவராஜ் பேசுகிற வரியில் ‘மெதுவா’ என்ற ஒரே ஒரு சொல்லைச் சேர்த்துவிட்டால் என்ன? பேனாவைக்கூட எடுக்க வேண்டாம், பென்சில் போதும். அவன் சொல் சரியாகிவிடும், லூர்துமேரியின் ஞாபகம் சரியாகிவிடும், எல்லோரும் நிம்மதி. குப்புராஜைத் தவிர.

பென்சிலை எடுத்தேன். அப்போதுதான் சிவக்குமார் நினைவுக்கு வந்தார். மெதுவாக இழுத்தாலும் கருகியிருக்கும் என்று அவரைச் சொல்லவைத்ததும் நான்தானே. அதையும் அழிக்க வேண்டும். அதை அழித்தால் வெண்மதியின் கேள்வியை அழிக்க வேண்டும். வெண்மதியை எப்படி அழிப்பது? அந்த அம்மாள் என்னையே கேள்வி கேட்பாள்.

பென்சிலை வைத்துவிட்டேன்.

மாதவராஜைப் பற்றி எனக்கு வேறொரு சந்தேகமும் இருந்தது. இவன் ஏன் சட்டென்று சொல்லித் தொலைக்கவில்லை? நல்லவனாகத்தானே படைத்தேன்? ஒரு மத்தியானம், அவன் சோற்றுத்தூக்கைத் திறந்துகொண்டிருந்தபோது கேட்டே விட்டேன்.

“ஏப்பா, உனக்கென்ன வந்தது? ‘நான்தான் சொன்னேன்’ என்று ஒரு வரி. அதற்கு ஆறு பகுதியா?”

“உங்களுக்கு என்னங்கம்மா,” என்றான், களியைப் பிட்டுக்கொண்டே. “நாளைக்கு நாலு லாரிக்காரன் டீக்கடையில ஒக்காந்து, ‘மாதவராஜா? ஒரு போன்லயே கியர்பாக்ஸைக் கொளுத்துனவனாச்சே’ம்பான். எனக்கு இருக்கறதே அந்தப் பேருதானுங்க. அந்தக்கா ஒருத்தருதான் என்னைய வாத்தியாரு கணக்கா நெனைக்கறாரு. அதுவும் போயிரும்.”

“அதற்காகக் குப்புராஜ் தலையில் போடுவதா?”

அவன் களியை விழுங்கினான். பிறகு மெதுவாக, மரியாதை குறையாமல், “ஒண்ணு கேக்கலாங்களா?” என்றான். “நான் லாரிக்கு அடியில கெடந்தேன். போல்ட்டு மூக்கு மேல விழுகுது. யோசிக்கறதுக்கு நேரமே குடுக்கல நீங்க. ‘ஒண்ணும் ஆவாது’ன்னு அந்த வார்த்தைய என் வாயில வெச்சது யாருங்க?”

களி ஆறிக்கொண்டிருந்தது. கண்ணுகளா, உங்களிடம் சொல்லுவதற்கென்ன: இழுக்கச் சொன்னது நான்தான். கதை நகர வேண்டும் என்பதற்காக ஒரு நல்ல காரை நகராமல் செய்தவள் நான். பொறுப்பாகப் பொய் சொல்கிறேன் என்று உங்களுக்கு வாக்குக் கொடுத்தவளும் நானே.

ஆனால் அதற்குப் பிறகு அவன் மூடிக்கொண்ட வாய் இருக்கிறதே, அது அவனுடையது. அதை நான் மூடவில்லை.

8

வேலைக்குப் போவோம். வேலை நடக்கும்போது யாருக்கும் மனச்சாட்சி தொந்தரவு கொடுப்பதில்லை என்று சொல்வார்கள். பொய். கொஞ்சம் குறைவாகக் கொடுக்கும், அவ்வளவுதான்.

உள்ளே கருகியிருந்த உராய்வுத் தட்டுகளுக்குப் பதில் புதுத் தட்டுகளும் ரப்பர் சீல்களும் பெங்களூரிலிருந்து பேருந்தில் வந்தன. தேய்ந்துபோன புஷ்ஷை, தண்டு சுற்றுகிற அந்த வளையத்தை, மட்டும் எங்கும் வாங்க முடியவில்லை. தருமபுரியில் ஒரு லேத் பட்டறையில் வெண்கலத்தில் கடைந்தார்கள். மூன்று தடவை திருப்பி அனுப்பி, நான்காவது தடவை, தலைமுடி அளவு சரியாக வந்தது. புதுத் தட்டுகளை அப்படியே மாட்டக்கூடாது, சிவப்பு எண்ணெயில் ஊறவைக்க வேண்டும் என்று சிவக்குமார் சொல்லியிருந்தார். மாதவராஜ் வீட்டிலிருந்து ஒரு குண்டானைக் கொண்டுவந்தான்.

“என் இட்லி மாவுக் குண்டானுங்க அது,” என்றாள் வெண்மதி.

“ஒரு நாளைக்குத்தான்.”

“இனிமே அதுல எதைக் கரைக்கறது? சரி, ஊறட்டும். உங்களையும் ஒரு மணி நேரம் ஊறப் போட்டா தேவலாம். ஒரு வார்த்தை இளகி வரும்.”

எல்லாவற்றையும் தட்டுத் தட்டாக அடுக்கி மூடினான். மேசையில் ஒரு திருகுகூட மிஞ்சவில்லை. (மிஞ்சியிருந்தால் எனக்கு வேறொரு கதை கிடைத்திருக்கும். மிஞ்சவில்லை. அவன் கைதேர்ந்தவன்.)

கடைசிச் சோதனை, எஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவில் உட்காருகிற அந்தப் பெரிய இரும்பு உருண்டை. பறங்கிக்காய்போல இருக்கும். கிளட்ச் செய்ய வேண்டிய வேலையை எண்ணெயை வைத்துக்கொண்டே செய்வது அதுதான். அதைக் கியர்பாக்ஸின் மூக்கில் செருகும்போது, ஒன்றுக்குள் ஒன்றாக மூன்று பல்லில் உட்கார வேண்டும். மூன்று தடவை ‘டக்’ என்று கேட்கும். இரண்டோடு நிறுத்திவிட்டுப் போல்ட்டைப் போட்டு முறுக்கினால் பம்ப் உடைந்துவிடும்.

டக்.

டக்.

மூன்றாவது வரவில்லை. சுற்றினான், தூக்கினான், தாழ்த்தினான். லாரியாக இருந்தால் இந்நேரம் நீளமான போல்ட்டைப் போட்டு இழுத்து உட்காரவைத்திருப்பான். முரட்டு இரும்பு முரட்டுத்தனத்துக்குக் கட்டுப்படும். கையில் ஸ்பேனரைக்கூட எடுத்துவிட்டான். போல்ட்டின் தலையில் ஸ்பேனர் உட்கார்ந்தும் விட்டது. அரை விரற்கடை இடைவெளிதான். கண்ணுக்கே தெரியாது. யாருக்குத் தெரியப்போகிறது? ஒன்றும் ஆகாது.

அந்தச் சொல் அவன் தலைக்குள் தன் குரலிலேயே கேட்டது. ஸ்பேனரைக் கீழே வைத்தான்.

கண்ணை மூடிக்கொண்டு, உருண்டையை இரண்டு கையாலும் ஏந்தி, குழந்தையின் தலையைத் திருப்புகிற மாதிரி இம்மி இம்மியாகத் திருப்பினான். முக்கால் மணி நேரம். வெண்மதி ஒன்றுமே பேசவில்லை. அதிலிருந்து நிலைமையைப் புரிந்துகொள்ளுங்கள்.

டக்.

“ஒக்காந்துருச்சு,” என்றான். கண்ணில் நீர் வந்திருந்தது. எண்ணெய் தெறித்துவிட்டது என்றான்.

9

இனி முடிவு.

அவன் கொட்டகையில் ஒரு வழக்கம் உண்டு. கியர்பாக்ஸ் பார்த்த வண்டி எதுவாக இருந்தாலும், முதல் ஓட்டத்தில் பார்த்தவனும் கூட உட்கார வேண்டும். தொப்பூர்வரை இறங்கி, திரும்பி மேடேறி வர வேண்டும். தன் வேலையின்மேல் தானே உட்கார்ந்து காட்டாதவனை இந்தச் சாலையில் நம்புவதில்லை.

நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தாயிற்று. “எலுமிச்சங்காய்க்கு என்னப்பா மதம், வெய்யி,” என்றார் லூர்துமேரி. நீளப் பெஞ்சில் வலது ஓரம் அவர், இடது ஓரம் மாதவராஜ், இருவருக்கும் நடுவில் இரும்புச் சட்டம் போட்ட கால். கார் பழங்களை நசுக்கிக்கொண்டு, வெண்ணெயில் கத்தி இறங்குகிற மாதிரி நகர்ந்தது. தொப்பூர் இறக்கத்தில் குலுங்கவில்லை. ஏற்றத்தில் வழுக்கவில்லை. கீழ்க் கியருக்கு அது தானே மாறியதைக்கூட அவன் காதால்தான் கண்டுபிடித்தான். லூர்துமேரி வாய்விட்டுச் சிரித்தார். பக்கத்தில் வந்த ஒரு மூட்டை லாரியை முந்திவிட்டு, அதன் டிரைவருக்குக் கையும் ஆட்டினார்.

இதோடு நிறுத்தலாம். ஆனால் நீங்கள் எழுந்திருக்க மாட்டீர்கள், தெரியும். என்னிடம் இருக்கிற முடிவுகளைக் காட்டுகிறேன்.

முதல் முடிவு: மேட்டில் கியர்பாக்ஸ் மறுபடி வெடித்து, அதைத் தண்டனை என்று நினைத்து அவன் உண்மையைச் சொல்கிறான். வேண்டாம். அந்த வேலையில் நானும் கூட இருந்தேன், அது வெடிக்காது.

இரண்டாவது: “எனக்கு மொதல்லயே தெரியும் மாதவா,” என்று லூர்துமேரி புன்னகைக்கிறார். உங்களுக்கு இது பிடிக்கும். எனக்கும் பிடித்தது, ஒரு நாள் முழுக்க வைத்துப் பார்த்தேன். ஆனால் அவருக்குத் தெரியாது. தெரிந்தும் குப்புராஜுக்குக் கேட்டைச் சாத்துகிற ஆள் இல்லை அவர்.

மூன்றாவது: வெண்மதி சொல்லிவிடுகிறாள். இது நடந்தே இருக்கும். அதனால்தான் அவளை நேற்று பென்னாகரத்துக்கு, தங்கை வீட்டு வளைகாப்புக்கு அனுப்பிவைத்தேன். போகும்போது கணவனிடம், “நான் திரும்பி வர்றதுக்குள்ள சொல்லிருங்க. இல்லன்னா நான் வந்து தமுக்கடிப்பேன்,” என்றுவிட்டுத்தான் பேருந்தில் ஏறினாள்.

நடந்தது என்னவென்றால்,

அதியமான்கோட்டைக்குள் திரும்புகிற இடத்தில், எதிரே டிராக்டர் வந்தது. இன்றைக்கு வியாழக்கிழமை, டிரெய்லர் நிறையத் தக்காளிப் பெட்டி. நீலக் காரைப் பார்த்ததும் குப்புராஜ் ஓரம்கட்டி இறங்கிவிட்டான். தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக் கையில் சுருட்டிக்கொண்டு ஓடி வந்தான். சாலை குறுகல், நிற்காமல் போக வழியில்லை. லூர்துமேரி பிரேக்கை மிதித்தார். முகத்தை நேராக, சாலையின் மேலேயே வைத்துக்கொண்டார்.

குப்புராஜ் இடது பக்க ஜன்னலில் குனிந்தான். அவரிடம் நேரடியாகப் பேசப் பயந்து மாதவராஜிடம் பேசினான்.

“ஓடுதுங்களாண்ணா? நல்லா ஓடுதுங்களா? நான் படுபாவி, அன்னிக்கு வெரசலா இழுத்துப்புட்டேன் போலருக்குது. எனக்கு அப்பிடித் தோணவே இல்லீங்ண்ணா, இருபதுக்கு மேல போகலீங்க. ஆனா அக்கா சொன்னா சரியாத்தான் இருக்கும். என்னால வந்த வெனைன்னு அக்காகிட்ட நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்ண்ணா. நீங்க சொன்னா அக்கா கேப்பாங்க.”

கண்ணுகளா, இப்படி வருவான் என்று சத்தியமாக நான் நினைக்கவில்லை. செய்யாத தப்புக்கு மன்னிப்புக் கேட்க ஒருவன் வந்து நிற்கிறான். அதைச் செய்தவனையே சாட்சிக்கு அழைக்கிறான்.

லூர்துமேரி மாதவராஜின் பக்கம் திரும்பினார். “என்னப்பா சொல்றான் இவன்? இருபதுலதான் வந்தானாமா? நீயே சொல்லு.”

மாதவராஜ் குப்புராஜைப் பார்த்தான். லூர்துமேரியைப் பார்த்தான். பிறகு பேனாவைப் பிடித்திருக்கிற என் பக்கமாகப் பார்த்தான். ஒரு வரி கொடுங்கம்மா என்று கேட்கிற பார்வை.

கொடுக்கமாட்டேன். ஒரு தடவை அவன் வாயில் ஒரு வரி வைத்தேன். அதற்கு ஒரு கியர்பாக்ஸும் ஒரு தம்பியும் போனார்கள். என் கணக்கு அதோடு முடிந்தது. பேனாவை இதோ மூடுகிறேன். இந்த வரியை நீங்கள் அவனுக்குக் கொடுங்கள். நீங்களும் எப்போதாவது போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு யாருக்காவது, “ஒண்ணும் ஆவாது” என்று சொல்லியிருப்பீர்கள்.

ஆனால் சீக்கிரம். எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கிறது, கம்பி டி-யில் இருக்கிறது. கிளட்ச் இல்லாத வண்டியின் குணம் இது: பிரேக்கிலிருந்து காலை எடுத்தால் போதும், யாரும் மிதிக்காமலே அது நகரத் தொடங்கிவிடும். லூர்துமேரியின் வலது கால் பிரேக்கின்மேல் இருக்கிறது. அறுபத்தொரு வயது, எல்லாப் பாரத்தையும் சுமந்த ஒற்றைக் கால், ரொம்ப நேரம் தாங்காது. மாதவராஜ் வாயைத் திறந்துவிட்டான்.

“அக்கா,